அண்ணி சொன்ன சத்தம்

டாக்டர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டபோது அவள் அண்ணியின் இடது காதிலிருந்து பஞ்சை எடுத்து முடித்திருந்தாள். வலது காதில் இருந்தது லேசில் வரவில்லை. ஆழமாகத் திணித்திருந்தாள் அண்ணி. சுண்டுவிரல் நகத்தால் கிள்ளி இழுத்ததில் பாதிதான் கையோடு வந்தது. அதற்குள் "இந்தப் பக்கம் சார், பார்த்து, படி இருக்கு" என்று அவள் கணவர் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவள் கையை மூடிக்கொண்டு சுவரோரம் நகர்ந்து நின்றாள். தலையில் சுற்றியிருந்த ஈரத்துண்டு அவிழ்ந்து தோளில் விழுந்தது.

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். விடியற்காலையில் வண்டி ஓட்டப் பழகவந்த பெண்ணோடு வெளியே இருந்தவருக்கு இவள் போன் செய்ததும், அந்தப் பெண்ணையே ஓட்டச்சொல்லி, போகிற வழியில் டாக்டரை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். வாசலில் வண்டி பாதி நடைபாதையிலும் பாதி தெருவிலுமாக நின்றது. அந்தப் பெண் இறங்குவதா, போய்விடுவதா என்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். இமையைத் தூக்கி விளக்கடித்துப் பார்த்தார். கடைசியாக, காய்ச்சல் பார்ப்பதைப்போலப் புறங்கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"போயிட்டாங்க. உடம்பு இன்னும் ஆறல. இப்பதான், ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது."

"தூக்கத்துலயா சார்?" என்று கேட்டார் கணவர்.

"அப்படித்தான் தெரியுது. ஹார்ட்டுதான்." டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "கூப்பிட்டாங்களாம்மா? முனகல் கினகல் ஏதாவது கேட்டுச்சா?"

"மேல குளிச்சிட்டிருந்தேன்" என்றாள்.

அது பொய்யில்லை. ஆனால் குளிக்கப்போகும் முன் இந்தக் கதவைத் தட்டியதை அவள் சொல்லவில்லை.

பிஸ்கட் தொழிற்சாலையில் அவளுக்கு முதல் ஷிப்ட். இருட்டோடு எழுந்து காபி போட்டு, அண்ணியின் டம்ளரைக் கதவோரத்து ஸ்டூலில் வைத்து, இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மாடிக்குக் குளிக்கப்போவாள். உள்ளேயிருந்து ஒரு கனைப்பு வரும். கேட்டுவிட்டது என்று அர்த்தம். இன்று கனைப்பு வரவில்லை. மறுபடியும் தட்டினாள். வரவில்லை. நேற்றுச் சொன்னதற்குக் கோபம்போல என்று நினைத்தாள். இருக்கட்டும், காபி ஆறுவதற்குள் கோபம் ஆறிவிடும் என்று படியேறினாள். நேற்று முழுக்க நின்றே வேலை பார்த்ததில் முதுகு கடுத்தது. வழக்கத்தைவிட அதிக நேரம் வெந்நீரில் நின்றாள். கீழே வந்து பார்த்தபோது காபியின்மேல் ஆடை படர்ந்திருந்தது.

தட்டியது அண்ணிக்குக் கேட்டதா? கேட்டும் எழ முடியாமல் கிடந்தாளா? டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவள் உள்ளங்கையில் பஞ்சு நசுங்கிக்கொண்டிருந்தது.

அண்ணி என்பது கணவரின் ஒரே அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சினிமா தியேட்டர் ஒன்றின் டிக்கெட் கவுண்டரில் முப்பது வருடம் உட்கார்ந்தவள். கை மட்டும் நுழைகிற ஓட்டை வழியாக ஊர் முழுவதையும் பார்த்தாயிற்று என்பாள். எதற்கெடுத்தாலும் அவளிடம் ஒரு வார்த்தைதான். இன்னொரு கரண்டி சாதம் வைக்கப்போனால் "ஹவுஸ்ஃபுல்." குளியலறையில் ஆள் இருந்தால் "ஹவுஸ்ஃபுல்." வயிற்றைத் தள்ளிக்கொண்டு வருகிற கர்ப்பிணியைப் பார்த்தால், அவளே சிரிக்கிற மாதிரி, "என்னம்மா, ஹவுஸ்ஃபுல்லா?" தெருவில் அவளுக்கு ஹவுஸ்ஃபுல் அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது.

தியேட்டரை மூடியபின் போன வருடம் இங்கே வந்தாள். ஒரு பை, ஒரு பெரிய தகரப்பெட்டி. அவளுக்காக ஒதுக்கியது படிக்கட்டை ஒட்டிய சின்ன அறை. கட்டில் போட்டபின் ஒருவர் நிற்கத்தான் இடம். மாடியில் மகளின் அறை காலியாகத்தான் இருந்தது. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாலும், எப்போதாவது வந்தால் தங்க வேண்டாமா என்று அதைப் பூட்டி வைத்திருந்தாள் இவள். அண்ணி கட்டிலில் உட்கார்ந்து, சுவரைத் தொட்டுப் பார்த்து, "பரவால்ல, கவுண்டரைவிடப் பெருசு" என்றாள்.

சத்தத்தைப் பற்றி முதலில் தம்பியிடம்தான் சொன்னாள்.

"டேய், விடியக்காலையில சுவத்துக்குள்ள ஒரு ஜீப் வருதுடா. இடைவேளைக்கு முன்னாடி வில்லன் வருவானே, அந்த மாதிரி. வந்துக்கிட்டே இருக்கான், இறங்கவே மாட்டேங்கறான்."

தம்பி சிரித்தார். அடுத்த வாரம், மத்தியானமும் ஜீப் வருகிறது என்றாள். அன்று சாயங்காலம் மூன்று பேரும் அந்தச் சின்ன அறையில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சுவரில் காதை வைத்து நின்றார்கள். எறும்பு நடக்கிற சத்தம்கூட இல்லை. தம்பி காது டாக்டரிடம் அழைத்துப்போனார். வயதானால் காதில் இரைச்சல் வரும் என்று அவர் மாத்திரை கொடுத்தார். மாத்திரையில் தலை சுற்றியது. ஜீப் நிற்கவில்லை.

இவளுக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தாள். மாடி அறைக்குப் போட்ட அடி இது. நேராகக் கேட்க வாய் வரவில்லை, சுவரைப் பேசவைக்கிறாள். ஒரு நாள் ஷிப்டில் யாருடனோ சண்டை போட்டுவிட்டு வந்திருந்த எரிச்சலில், அண்ணி ஜீப் என்று ஆரம்பித்ததுமே, மருந்து டப்பாவிலிருந்து பஞ்சுச் சுருளை எடுத்துவந்து மடியில் வைத்தாள்.

"இதை வெச்சுக்கங்க அண்ணி. ஜீப்பும் வராது, லாரியும் வராது."

அண்ணி சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்குப்பின் அவள் சத்தத்தைப் பற்றிப் பேசவில்லை. பார்த்தீங்களா, அத்தனையும் நாடகம்தான் என்று இவள் கணவரிடம் சொன்னாள். அவர் எப்போதுமே இரண்டு பேருக்கும் நடுவில் நியூட்ரலில் நிற்கிறவர்.

நேற்றுச் சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்திருந்தாள். மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கையில் இவளுக்கு நாக்கு நமநமவென்றது.

"எங்க அண்ணிக்கு இப்பல்லாம் ஜீப் சத்தம் கேக்கறதில்லை அக்கா. மாடி ரூம் கிடைக்காதுன்னு தெரிஞ்சதும் வில்லன் ஊரைவிட்டே ஓடிட்டான்."

தையல்காரம்மா சிரிக்கவில்லை. அண்ணிதான் சிரித்தாள். "ஆமா, அந்தப் படத்தைத் தூக்கிட்டாங்க" என்று எழுந்து தன் அறைக்குப் போனாள். அதுதான் அண்ணி இவளிடம் பேசிய கடைசிப் பேச்சு.

படத்தைத் தூக்கியாயிற்று என்றால் காதில் பஞ்சு எதற்கு?

வெயில் ஏறுவதற்குள் ஆட்கள் வரத்தொடங்கினார்கள். கூடத்தில் நாற்காலிகள் போட்டார்கள். அண்ணியைக் கூடத்துக்குக் கொண்டுவரலாம் என்று யாரோ சொன்னபோது, வண்டி வரட்டும், அதுவரை அவ கட்டில்லயே இருக்கட்டும் என்றார் கணவர். வந்தவர்கள் ஒவ்வொருவராக அந்தச் சின்ன அறைக்குள் போய், நிற்க இடமில்லாமல் வெளியே வந்தார்கள்.

தையல்காரம்மாதான் ஈரத்துணியால் அண்ணியின் முகத்தைத் துடைத்தாள். நெற்றி, கன்னம், கழுத்து. வலது காதுக்கு வந்ததும் கை நின்றது. குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து, கதவில் சாய்ந்து நின்ற இவளைப் பார்த்தாள். பிறகு பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும், துணியிலிருந்து நூல் பிரிப்பதைப்போல, மிச்சமிருந்த பஞ்சை மெதுவாக உருவி எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுபடியும் துடைக்க ஆரம்பித்தாள்.

இவளுக்கு அந்த அம்மாள் ஏதாவது கேட்டிருக்கலாம் என்றிருந்தது.

கூடத்தில் யாரோ இவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "எத்தனை பேருக்கு இப்படி அமையும்? சொந்த அக்கா மாதிரி வெச்சுப் பார்த்துக்கிட்டியே. வாயைத் திறந்தா உன் புராணம்தான் அவளுக்கு." இவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கையை எப்போது விடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணவரின் சித்தப்பா வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். வாட்டசாட்டமான ஆள். வாசலிலேயே ஓவென்று ஒரு குரல் அழுதார். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, "வழியெல்லாம் இன்ஜினுக்குப் பக்கத்து சீட்டு. மேலெல்லாம் டீசல் நாத்தம். ரெண்டு செம்பு ஊத்திட்டு வந்து உட்கார்றேன்" என்றார். கீழ்க் குளியலறையில் பெண்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். இவள்தான் துண்டு எடுத்துக் கொடுத்து, "மாமா, மாடியில போங்க. இடது பக்கம் திருப்பினா வெந்நீர்" என்று சொல்லி அனுப்பினாள்.

அப்போது அண்ணியின் அறையில் நான்கு பேர் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். கட்டிலின் கால்மாட்டில் கணவர். தலைமாட்டில் தையல்காரம்மா. ஜன்னலோரம் பழைய தியேட்டர் ஆபரேட்டர் ஒருவர், கையில் தொப்பியோடு. இவள் கதவருகே.

முதலில் சுவர் சிலிர்த்த மாதிரி இருந்தது. அப்புறம் அது தொடங்கியது. ஏற்றத்தில் முக்கிக்கொண்டு வருகிற வண்டியின் உறுமல். அதற்கடியில் தகரம் தகரத்தில் உரசுகிற கடகடப்பு. ஜன்னல் விளிம்பில் இருந்த டம்ளர் கிணுகிணுத்தது. கட்டிலின் இரும்புச் சட்டம் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்ததால் கட்டிலும் அதிர்ந்தது. அண்ணியின் காதோரத்து நரைமுடி ஒன்று நடுங்கிக்கொண்டேயிருந்தது.

"என்னங்க இது, மோட்டரா?" என்றார் ஆபரேட்டர்.

கணவர் சுவரைப் பார்த்தார். மேலே, கூரையைப் பார்த்தார். கூரைக்கு மேலே குளியலறை. தண்ணீர் விழுகிற சத்தம் லேசாகக் கேட்டது. பிறகு அவர் இவளைப் பார்த்தார்.

மாடிக் குளியலறையில் இவளைத் தவிர யாரும் குளிப்பதில்லை. அவர் கீழே பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் போகிறவர். மாடிக்கு வெந்நீர் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும் என்பதால், இவளுக்கு முதுகில் ஆபரேஷன் ஆனபின், படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன பம்ப் வாங்கி வைத்தார். மேலே வெந்நீர்க் குழாயைத் திறந்தால் தானாக ஓடும், மூடினால் நிற்கும். அவ்வளவுதான். இவள் குளிக்கும்போது மட்டும் ஓடுகிற பம்ப். குளிக்கிறவளுக்குக் காதில் தண்ணீர் விழுகிற சத்தம்தான் கேட்கும். அந்தச் சாயங்காலம் மூன்று பேரும் சுவரில் காதை வைத்து நின்றபோது மேலே யாரும் குளிக்கவில்லை.

கணவர் எழுந்தார். காரில் இருந்த டூல் பையை எடுத்துவந்து, படிக்கட்டுக்கு அடியில் இருந்த அலமாரியைத் திறந்து, அதற்குள் தலையைக் கொடுத்தார்.

கூடத்தில் பேச்சு நின்றது. யாரோ கிசுகிசுத்தார்கள். அக்கா பிணமாகக் கிடக்கையில் தம்பி ஸ்பேனரும் கையுமாகக் குந்தியிருந்தால் யார்தான் கிசுகிசுக்க மாட்டார்கள்? அவர் பம்பின் சுவிட்சை அணைத்ததும் மாடியிலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது.

"ஏய், யாருப்பா அது? தண்ணி நின்னுபோச்சு! கண்ணெல்லாம் சோப்பு!"

"ஒரு நிமிஷம் சித்தப்பா. நான் சொல்றப்ப திறங்க, சொல்றப்ப மூடுங்க."

"என்னடா பண்றே கீழே?"

"சத்தம்."

"இப்ப எதுக்குடா அது? நாலு பேர் வந்திருக்கற எடத்துல..."

"நிக்கட்டும் சித்தப்பா. அவளை எடுத்துட்டுப் போறதுக்குள்ள இது நிக்கட்டும்."

அதற்குப்பின் சித்தப்பா திறங்க என்றால் திறந்தார், மூடுங்க என்றால் மூடினார். சோப்போடு நின்றுகொண்டு அத்தனை பெரிய மனிதர் சொன்னபடி செய்தார்.

இவள் போனில் விளக்கைப் போட்டுப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் குனிந்து நின்றாள். அவர் முதலில் குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று நினைத்து, மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றிப் பார்த்தார். உறுமல் குறையவில்லை. பம்பின் மேல் கையை வைத்தார். சூடில்லை. திருப்புளியின் நுனியைப் பம்பில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இன்ஜின் சத்தம் இல்ல இது" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "உள்ள எல்லாம் சுத்தமா ஓடுது. பாடி சத்தம். எங்கயோ இடிக்குது."

குழாயைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்தார். உறுமல் பாதியாகக் குறைந்தது. விட்டார், திரும்ப வந்தது. விளக்கை இன்னும் கீழே காட்டச்சொன்னார். இவள் காட்டினாள்.

பம்ப், தான் உட்கார வேண்டிய ரப்பர் மெத்தையிலிருந்து ஒரு சாண் நகர்ந்து, வெறும் சிமெண்ட் தரையில் கோணலாக நின்றது. அதனால் குழாய் வளைந்து அண்ணியின் அறைச் சுவரில் அழுந்தியிருந்தது. நகர்த்தி நிறுத்தியிருந்தது ஒரு தகரப்பெட்டி. பம்புக்கும் மரப்பலகைக்கும் நடுவில், ஆப்பு அடித்ததைப்போல அது இறுகியிருந்தது.

அண்ணி வந்த அன்று அந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்று ஒரு பேச்சு நடந்தது. அறைக்குள் வேண்டாம், கரப்பான் சேரும் என்று இவள்தான் சொன்னாள். கணவர் வண்டியை நிறுத்தப் போயிருந்தார். பெட்டி அலமாரிக்குள் முக்கால்வாசிதான் போனது. கதவு மூடவில்லை. குனிந்து தள்ள முதுகு ஒத்துழைக்காது. தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, இரண்டு காலாலும் உதைத்தாள். உள்ளே 'டொக்'கென்று ஏதோ விட்டுக்கொடுத்தது. பெட்டி போய்விட்டது. கதவும் மூடிவிட்டது. கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

கணவர் பெட்டியின் மூலையைப் பிடித்து அசைத்தார். மூன்று முறை அசைத்தபின் வந்தது. பம்பைத் தூக்கி ரப்பரின் மேல் வைத்தார். குழாய் சுவரை விட்டு விலகி நேரானது. "திறங்க சித்தப்பா" என்றார்.

மேலே தண்ணீர் விழுந்தது. பம்ப் ஓடியது. ஓடுகிறது என்பது அவர் கையை அதன்மேல் வைத்திருந்ததால்தான் தெரிந்தது.

"யாரோ பெட்டியைத் தள்ளும்போது நகர்ந்திருக்கு" என்றார்.

வீட்டில் இருந்தது மூன்று பேர். அவர் யாரோ என்றார். அவர் முகம் அலமாரிக்குள் இருந்தது. இவள் கையிலிருந்த விளக்கு அவர் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. அந்த வார்த்தையை அவர் தனக்கு எறிந்த கயிறு என்று எடுத்துக்கொள்வதா, கல் என்று எடுத்துக்கொள்வதா என்று இவளுக்குத் தெரியவில்லை. நான்தான் என்று சொல்ல ஒரு மூச்சு இழுத்தாள்.

"டேய், திறந்தே வெக்கட்டுமா, மூடட்டுமா?" என்றார் மேலிருந்து சித்தப்பா.

கணவர் பம்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

"குளிச்சு முடிச்சுட்டு வாங்க மாமா. சரியாயிருச்சு" என்று இவள்தான் சொன்னாள். இழுத்த மூச்சு அதற்குச் செலவாகிவிட்டது.

மத்தியானம் வண்டி வந்தது. அந்தச் சின்ன அறையிலிருந்து அண்ணியை வெளியே கொண்டுவருவது பெரும்பாடாக இருந்தது. கதவு வழியாக நேராக எடுக்க முடியாமல், ஸ்டிரெச்சரைச் சாய்த்து, திருப்பி, "இப்படி வா, கொஞ்சம் பின்னால, ஒடி, ஒடி" என்று கணவர் பழக்கதோஷத்தில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவராகவே பேசினார். யாரும் சிரிக்கவில்லை. அண்ணி இருந்தால் சிரித்திருப்பாள்.

சாயங்காலம் வீடு காலியாயிற்று. சித்தப்பா கூடத்தில் பாய் விரித்து அசந்து தூங்கினார். தையல்காரம்மா பிளாஸ்கில் காபி கொண்டுவந்து சமையலறையில் வைத்து, இவளையும் உட்காரச்சொல்லி, தானே ஊற்றிக் கொடுத்தாள். நாள் முழுக்க நின்றிருந்தும் முதுகு வலிக்கவில்லை என்பது அப்போதுதான் இவளுக்கு நினைவு வந்தது. நினைத்ததும் வலித்தது.

"பஞ்சு..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்" என்றாள் தையல்காரம்மா.

"எப்படிக்கா தெரியும்?"

"உனக்குத் தெரிஞ்சிருக்கும்னுதான் நான் ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டிருந்தேன்." அந்த அம்மாள் டம்ளரைக் கையில் உருட்டினாள். "மத்தியானம் நீ ஷிப்ட் முடிஞ்சு தெருமுனையில திரும்பறது தெரிஞ்சா போதும், உங்க அண்ணி எழுந்து என் கடைக்கு வந்துடுவா. சட்டைக்கு பட்டன் தெச்சுக் குடுத்துக்கிட்டு உட்கார்ந்திருப்பா. 'எங்க வீட்டுல ஷோ ஆரம்பிக்குது, முடிஞ்சதும் போறேன்'ம்பா. என்ன ஷோன்னேன் ஒரு நாள். 'தம்பி பொண்டாட்டி குளிக்கிற ஷோ'ன்னா. நீ குளிக்கறப்பதான் அந்த ஜீப் வருதுன்னு கவனிச்சு வெச்சிருக்கா."

"எங்கிட்ட சொல்லலையே."

"சொல்லுன்னுதான் நானும் சொன்னேன். 'சொன்னா வெந்நீரை நிறுத்திடுவா, அவ முதுகுக்கு அதுதான் ஒத்தடம்'ன்னா. தம்பிகிட்ட சொல்லி ரிப்பேர் பார்க்கச் சொல்லலாமேன்னேன். 'ஏற்கெனவே மாடி ரூமுக்கு நாடகம் போடறேன்னு நெனக்கிறா. ஓடாத படத்தை ரெண்டாந்தடவை ரிலீஸ் பண்ணச் சொல்றியா'ன்னுட்டா. மத்தியானம் எங்கிட்ட வந்துடலாம். விடியக்காலையில எங்க போவா? அதான் பஞ்சு."

கூடத்தில் சித்தப்பாவின் குறட்டை ஒரு முறை தடுக்கி, மறுபடியும் சீரானது.

"நேத்து நான் அப்படிப் பேசினப்ப நீங்க சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள். குரல் எதிர்பார்த்ததைவிடக் கடுமையாக வந்தது.

"வாய் வரைக்கும் வந்துச்சு." தையல்காரம்மா எழுந்து டம்ளரைக் கழுவி வைத்தாள். "அவ என் காலை மிதிச்சா."

அந்த அம்மாள் போனபின் இவள் அடுப்புமேடையைத் துடைத்தாள். படிக்கட்டுப் பக்கம் கணவரின் நடமாட்டம் கேட்டது. போய்ப் பார்த்தாள். அவர் அலமாரிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பம்பைப் பார்த்தபடி நின்றார். தகரப்பெட்டி கூடத்துச் சுவரோரம் இருந்தது. இன்னும் யாரும் அதைத் திறக்கவில்லை.

"பகல்ல ஆள் இருந்தாங்க, பேச்சுச் சத்தம் இருந்துச்சு" என்றார். "சரியா நின்னுச்சா இல்லையான்னு தெரியல. நான் மேல போய்த் திறந்து விடறேன். நீ உள்ள இருந்து பார்த்துச் சொல்லு."

"நின்னுருச்சுங்க. நானும்தான் பார்த்தேனே."

"வெளியிலருந்து பார்த்தா தெரியாது. உள்ள படுத்துப் பாரு. சுவத்துக்குப் பக்கத்துல தலையை வெச்சுப் பாரு."

அவர் படியேறினார். அவள் அண்ணியின் அறைக்குள் போனாள். தையல்காரம்மா படுக்கை விரிப்பை எடுத்துவிட்டிருந்தாள். வெறும் மெத்தைதான் இருந்தது. நடுவில் ஒரு பள்ளம், ஓர் ஆள் ஒருக்களித்துப் படுக்கிற அளவுக்கு. அந்தப் பள்ளத்தை விட்டு விளிம்பில் படுக்கப் பார்த்தாள். கட்டில் அகலம் பத்தவில்லை. உருண்டு அதற்குள்ளேயே போய்ச் சேர்ந்தாள். காதைச் சுவரோடு வைத்தாள். சுவர் குளிர்ந்திருந்தது.

மேலே குழாய் திறந்தது. தண்ணீர் விழுவது தூரத்து மழைபோலக் கேட்டது. சுவருக்குள் ஒன்றுமில்லை. ஜன்னல் விளிம்பில் டம்ளர் அசையாமல் நின்றது. ஒரு சின்ன உறுமல் வந்தால்கூடப் போதும் என்று அவள் காதை இன்னும் அழுத்தினாள்.

"கேக்குதா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

அவள் வாயைத் திறந்தாள்.

"கேக்குதா? சொல்லு."

அவள் படுத்தபடியே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே கழிவுக் குழாயின் வாயிலிருந்து வெந்நீர் கொட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலக் குளிரில் அதிலிருந்து ஆவி எழும்பி, ஜன்னல் கம்பிவரை வந்து கலைந்தது. அவர் இன்னொரு முறை கூப்பிட்டார். பிறகு கூப்பிடவில்லை. குழாயை மூடவும் இல்லை.